ஐந்து பேர் போகும் வண்டி

மே 5, ஞாயிறு

கார் வாங்குவதென்று முடிவாகிவிட்டது. முடிவெடுத்தது நான். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்துவது நான், வெள்ளிப் பொடியில் தும்மித் தும்மி மூக்கு புண்ணானது எனக்கு, ஆகவே வண்டியும் என் பெயரில்தான். இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நல்லதுதானே" என்றார். வீடு இடிந்து விழுந்தாலும் என் வீட்டுக்காரர் சுகவனம் "நல்லதுதானே, காத்து வரும்" என்பார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். உலகத்தில் எந்த மலை எங்கே இருக்கிறதென்று தெரியும், வீட்டுக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாது.

மிருதுளாதான் குதித்தாள். ப்ளஸ் டூ போகிற பெண், கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, மேல கண்ணாடி திறக்கற மாதிரி வாங்கும்மா" என்றாள். மாமியார் மட்டும், "ஏழெட்டுப் பேர் போற மாதிரி வாங்கு" என்றார். நான் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மே 6, திங்கள்

எதற்காக வாங்குகிறேன் என்பதை எழுதி வைத்துவிடுகிறேன். நடுவில் கோபம் ஆறிப்போனால் எடுத்துப் படித்துச் சூடேற்றிக்கொள்ளலாம்.

எங்கள் குலதெய்வம் பொன்னாச்சியம்மன். வாழப்பாடி தாண்டி மலையடிவாரத்தில் கோயில். ஆடி மாதம் இரண்டாவது ஞாயிறு பங்காளிகள் எல்லோரும் கூடிப் பொங்கல் வைப்பார்கள். எல்லாக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே பெரிய பானை. தண்ணீர் கொதித்ததும் மருமகள்கள் வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு பிடி அரிசி போட வேண்டும். மூத்தவள் முதலில், பிறகு அடுத்தவள். பிடி போட்டவள் அந்த வீட்டுக்காரி, போடாதவள் விருந்தாளி. கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து என் பிடி தவறியதே இல்லை.

போன வருடம் தவறியது. இவருடைய அண்ணன் பொன்னுரங்கம் மாமா வீட்டு வாசலிலிருந்து எல்லோரும் அவர்களுடைய பெரிய காரில் கிளம்ப வேண்டியது. நானும் மிருதுளாவும் பட்டுப்புடவையில் போய் நிற்கிறோம். என் ஓரகத்தி ரத்தினக்கா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "பின் சீட்டுல மாவிளக்குத் தட்டு வெச்சிருக்கேன் தமயந்தி, நசுங்கிரும். நீயும் புள்ளையும் பஸ்ஸுல வந்துருங்களேன், காத்தாட இருக்கும்" என்றாள். பங்காளி வீட்டுப் பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாவிளக்குக்குச் சீட்டு, எங்களுக்கு ரோடு.

பஸ் வந்து, மாறி, நின்று, நாங்கள் போய்ச் சேரும்போது பொங்கல் பொங்கி முடிந்து எல்லோரும் இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ரத்தினக்கா கரண்டியோடு வந்து, "இப்பதான் வர்றியா? சூடா இருக்குது, உக்காரு" என்றாள். விருந்தாளியை உபசரிப்பது போல. முந்தானையில் முடிந்துகொண்டு போயிருந்த அரிசியைக் கோயில் புறாக்களுக்கு இறைத்துவிட்டு வந்தேன்.

இந்த ஆடியில் அவள் முந்தானை அரிசியோடு வந்து நிற்க வேண்டும். பானை பொங்கி முடிந்திருக்க வேண்டும். கரண்டி என் கையில் இருக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது.

அந்தக் காரை அன்றைக்கு ஓட்டிக்கொண்டு போனது இவர்தான். மாமாவுக்கு அசதியாக இருக்கிறதென்று இவரை ஓட்டச் சொன்னார்கள். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு கியரைப் போட்டார். இதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

மே 14, செவ்வாய்

இன்றும் விடிகிற நேரத்தில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். செவ்வாய் தவறாது, வெள்ளி தவறாது. கேட்டால், "சும்மா, அண்ணனப் பாத்துட்டு வர்றேன்" என்கிறார். அங்கே இட்லி பஞ்சு மாதிரி இருக்கும் போல. என் இட்லியைத் தின்றுவிட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பட்டறையில் திருப்பதி ஆர்டர். கண்ணி கோர்க்கிற பெண்கள் இரண்டு பேர் வரவில்லை. நானே உட்கார்ந்து கோர்த்தேன்.

மே 18, சனி

ஷோரூமுக்குப் போனோம். ஒரே கம்பெனியின் இரண்டு வண்டிகள் எங்களுக்குத் தோதாக இருக்கின்றன. விலையில் பெரிய வித்தியாசமில்லை. ஒன்று ஆல்டன்: ஐந்து பேர் உட்காரலாம், உயரமாக, மிடுக்காக, குங்குமச் சிவப்பு, கூரையில் திறந்து மூடுகிற கண்ணாடி. மற்றது ட்ரேகா: ஏழு பேர் உட்காரலாம், தாழ்வாக, நீளமாக, சாம்பல் நிறம், பார்த்தால் ரேஷன் கடை ஜீப்புக்குத் தங்கச்சி மாதிரி இருக்கிறது.

ஷெரின் என்றொரு பெண் பொறுமையாக எல்லாம் சொன்னாள். மைலேஜ் எவ்வளவு, டிக்கியில் எத்தனை பெட்டி வைக்கலாம் என்று எல்லோரும் கேட்பதைத்தான் நானும் கேட்டேன். இவர் கேட்டதுதான் விசித்திரம். "ஏறுற படி எவ்வளவு உயரம்மா? காலைத் தூக்காம உள்ள வர முடியுமா? இந்த சீட்டு நல்லா சாயுமா?" ட்ரேகாவில் ஏறி, இடது கையை அசைக்காமல் ஓரமாக வைத்துக்கொண்டு, சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிப் படுத்துப் பார்த்தார். ஷெரின் என்னைப் பார்த்தாள். நான் ஆல்டனின் கூரையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அவர் அம்மாவுக்கு முழங்கால் வலி. அதற்காகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மே 26, ஞாயிறு

இரண்டையும் ஏற்காடு அடிவாரம் வரை ஓட்டிப் பார்த்தோம். இவர் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்து வழி சொன்னேன். ஆல்டன் சும்மா சீறுகிறது. சிக்னலில் நின்றால் பக்கத்து ஸ்கூட்டர்காரர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். ட்ரேகாவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ட்ரேகாவின் கடைசி வரிசையிலும் உட்கார்ந்து பார்த்தேன். முட்டி தாடையில் இடிக்கிறது. ஜன்னல் திறக்காது. நடு சீட்டை யாராவது மடக்கிவிட்டால்தான் இறங்க முடியும். அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. நாளைக்கு எழுதுகிறேன், இப்போது பட்டறையிலிருந்து கூப்பிடுகிறார்கள்.

மே 27, திங்கள்

யோசனை இதுதான். ஏழு சீட்டு வாங்கினால் ரத்தினக்காவை அந்தக் கடைசி வரிசையில் ஏற்றலாம். சாமான், விறகு, அவள், தேங்காய் மூட்டை. மலைப் பக்கம் வளைவு வளைவாகப் போகிற ரோடு, அவளுக்குத் தலை சுற்றும். வயிறு பிரட்டும். "தமயந்தி, கொஞ்சம் சீட்ட மடக்கு, இறங்கறேன்" என்று என்னைக் கேட்டுத்தான் இறங்க வேண்டும். நான் கொண்டையைச் சரிசெய்து, செருப்பைத் தேடி, நிதானமாக மடக்குவேன்.

ஐந்து சீட்டு வாங்கினால் அவளுக்கு இடமே இல்லை.

இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்தேன். சமையல் வேலை இன்றைக்குச் சுகமாக ஓடியது, ரசம்கூட நன்றாக அமைந்துவிட்டது. ஏழு சீட்டில் ஒரு குறை இருக்கிறது. எவ்வளவு பிரட்டினாலும் போய்ச் சேர்ந்துவிடுவாள். சேர்ந்தால் அரிசி போட்டுவிடுவாள்.

ஜூன் 7, வெள்ளி

மாமியார் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, யாரோ செத்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: "பெரியவன் கார வித்துட்டானாம்."

பட்டறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பி, போகிற வழியில் ஜிலேபி வாங்கினேன். சூடாக, பாகு சொட்டச் சொட்ட. சாயங்காலம் வீட்டுக்கு வந்து மேசையில் பொட்டலத்தைப் பிரித்தேன். இவர் அப்போதுதான் வந்தார்.

"என்ன விசேசம்?"

"ஒண்ணுமில்ல. சாப்புடணும்னு தோணுச்சு. உங்கண்ணன் கார வித்துட்டாராமே?"

இவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அண்ணனுக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு தமயந்தி. வாரத்துல மூணு நாள் ரத்தத்தச் சுத்தம் பண்ணி விடறாங்க. செவ்வாயும் வெள்ளியும் நான் கொண்டு போய் விடறேன். ஞாயித்துக்கிழமை அண்ணி ஆட்டோல கூட்டிட்டுப் போறாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அண்ணிதான் உங்கிட்ட சொல்ல வேண்டாம்னாங்க."

"ஏனாம்?"

இவர் என்னைப் பார்க்கவில்லை. ஜிலேபியைத்தான் பார்த்தார். "உனக்குத் தெரிஞ்சா சந்தோசப்படுவேன்னு."

பொட்டலத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தேன். மிருதுளா தேடி எடுத்துத் தின்றுவிட்டாள்.

ஜூன் 8, சனி

மாமா நல்ல மனிதர். மிருதுளாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்தியபோது ஒரு நாள் முழுக்க அவளைத் தோளில் வைத்துக்கொண்டு திரிந்தவர். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இதை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன். யாரும் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லிவிடக் கூடாது.

ஆனால் புருஷனுக்கு உடம்பு சரியில்லை என்பதற்காக ஒருத்தி செய்ததெல்லாம் இல்லையென்று ஆகிவிடுமா? ஆகாது. போன ஆடியிலேயே அவருக்கு அசதி தொடங்கிவிட்டது. அப்போது மாவிளக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தால் யார் செத்துப்போயிருப்பார்கள்?

ஜூன் 16, ஞாயிறு

சாயங்காலம் ரத்தினக்கா வந்தாள். மாமாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து படுக்க வைத்துவிட்டு, பஸ்ஸில், முருங்கைக்காய் கட்டோடு. இளைத்திருக்கிறாள். கழுத்துச் சங்கிலி இல்லை, மஞ்சள் கயிறு மட்டும். நான் காபி போட்டுக் கொடுத்தேன். காபி போடுவதில் நான் யாருக்கும் குறை வைத்ததில்லை.

மேசை மேல் கிடந்த வண்டிப் படங்களை எடுத்துப் புரட்டினாள். "ஏழு சீட்டே வாங்கு தமயந்தி. ஆடிக்கு எல்லாரும் ஒண்ணாப் போயிரலாம்."

எல்லாரும் ஒன்றாக. அதுவும் யார் வாயிலிருந்து! கெஞ்சவில்லை, கேட்கவில்லை, என் காருக்கு உத்தரவு போடுகிறாள். போன வருடத்தைப் பற்றி ஒரு சொல், அரைச் சொல், ஒரு பெருமூச்சாவது விட்டாளா? "காபில சக்கர கொஞ்சம் தூக்கல்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அவள் தெருமுனை திரும்புகிறவரை ஜன்னலில் நின்று பார்த்தேன். அந்த நிமிஷம் முடிவாகிவிட்டது. ஆல்டன்.

ஜூன் 18, செவ்வாய்

ஷோரூமுக்குப் போன் செய்தேன். ஆடி பிறந்துவிட்டால் புது வண்டி எடுக்கக் கூடாதென்று மாமியார் குதிப்பார், ஆகவே ஆனிக்குள் எடுத்தாக வேண்டும். ஷெரின், "ரெண்டுமே ஆனிக்குள்ள குடுத்துரலாம் மேடம், ட்ரேகா ஸ்டாக்லயே இருக்கு" என்றாள்.

சாப்பிடும்போது இவரிடம், "ட்ரேகா ஆவணிலதான் கெடைக்குமாம். ஆல்டன்தான் உடனே கெடைக்குது" என்றேன்.

இவர் சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தார். "நல்லதுதானே" என்றுகூடச் சொல்லவில்லை. சிவப்பு ஆல்டனுக்குப் பணம் கட்டிவிட்டேன்.

ஜூன் 19, புதன்

அந்தப் பொய் எனக்கு உறுத்தவில்லை.

ஜூலை 12, வெள்ளி

வண்டி வந்துவிட்டது. மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பிள்ளையார் கோயிலைச் சுற்றி எடுத்துவந்தோம். நான்கு பழமும் நன்றாகவே நசுங்கின. மிருதுளா கூரையைத் திறந்து தலையை வெளியே நீட்டிக் கத்தினாள். தெருவே பார்த்தது. மாமியார் ஏறுவதற்குத்தான் சிரமப்பட்டார். இவர் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்து ஏற்றினார்.

ஷெரின் சாவியைக் கொடுக்கும்போது இவரைப் பார்த்துச் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை.

ஜூலை 19, வெள்ளி

மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக என் வண்டியைக் கேட்டார். "தாராளமா" என்றேன். என்னைப் பற்றி இவர்கள் என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்?

திரும்பி வந்ததும் டிக்கியைத் திறந்தால் சமையலறை முக்காலி கிடக்கிறது. மாமாவால் காலைத் தூக்கி வைத்து ஏற முடியவில்லையாம், அதற்காகப் போட்டுவைத்திருக்கிறாராம். புது வண்டியில் பழைய முக்காலி. எடுத்து உள்ளே வைத்தேன். பிறகு மறுபடியும் கொண்டுபோய் டிக்கியிலேயே போட்டேன்.

ஜூலை 27, சனி

நாளைக்கு ஆடி இரண்டாம் ஞாயிறு. மாமாவுக்கு ஆஸ்பத்திரி முறையை இந்த ஒரு தடவை இன்றைக்கே முடித்துவிட்டார்கள். கோயிலில் மூத்தவர் அவர்தான், அவர் அடுப்புப் பற்றவைக்க வேண்டும். போன வருடம் அவர்தான் பற்றவைத்தார். அடுத்த வருடம் யார் என்று மாமியார் முணுமுணுத்துவிட்டு மூக்கைச் சிந்தினார்.

கணக்கு சரியாக இருக்கிறது. ஓட்ட இவர். முன் சீட்டில் மாமா. பின்னால் மாமியார், மிருதுளா, நான். ஐந்து. மாமாவுக்கு முன் சீட்டு, மெத்தென்ற தலையணை வேறு எடுத்து வைத்திருக்கிறேன். இதற்கு மேல் ஒரு தம்பி பொண்டாட்டி என்ன செய்ய முடியும்?

"கொஞ்சம் நெருக்கி உக்காந்துக்கலாம்" என்று யாராவது கிளம்புவார்கள். எங்கள் குடும்பத்தில் ஆட்டோவிலேயே ஒன்பது பேர் போவார்கள். அதற்கும் பதில் தயார். பெல்ட் ஐந்து, ரோட்டில் கேமரா. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். கடைசி வரியை மட்டும் சிரிக்காமல் சொல்ல வரவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

வீடு திரும்பிவிட்டோம். மற்றவர்கள் படுத்துவிட்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் அம்மாபேட்டையில் மாமா வீட்டு வாசலில் போய் நிறுத்தினோம். பங்காளி வீட்டு வேன் ஒன்றும் கிளம்பத் தயாராக நின்றது. பெண்கள் எல்லோரும் இறங்கி வந்து சிவப்பு வண்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ரத்தினக்கா அரக்கு நிறப் பட்டில், மஞ்சள் பையோடு வந்தாள். மாமாவை இவர் கைத்தாங்கலாக அழைத்துவந்து, முக்காலியில் காலை வைக்கச் சொல்லி முன் சீட்டில் ஏற்றினார். மாமாவின் இடது கையில் கட்டு. "வண்டி ரொம்ப அழகா இருக்குதும்மா" என்றார் என்னிடம்.

வேன் நிரம்பிக் கிளம்பிப் போய்விட்டது. ரத்தினக்கா எங்கள் பின் கதவுக்கு வந்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, இதுல அஞ்சு பேருக்குத்தான் பெல்ட் இருக்குது. வழியெல்லாம் கேமரா வெச்சிருக்காங்க. மாமாவ நாங்க பாத்துக்கறோம். நீங்க பஸ்ஸுல வந்துருங்க, காத்தாட இருக்கும்."

சொல்லிவிட்டேன். கடைசி வரியையும் சிரிக்காமல் சொன்னேன். நாக்கில் அப்படி இனித்தது.

அவள் முகம் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு, "சரி" என்றாள். மஞ்சள் பையிலிருந்து ஒரு சின்னத் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினாள். "அவருக்கு இவ்வளவுதான் தண்ணி. மத்தியானம் வரைக்கும். தாகமா இருக்குதுன்னு கேப்பாரு, இதுக்கு மேல குடுத்துராத."

நான் கையை நீட்டுவதற்குள் மாமா கதவைத் திறந்துவிட்டார். "ரத்தினம் இல்லாம நான் எங்கம்மா போறது? நீங்க முன்னாடி போங்க. நாங்க ரெண்டு பேரும் பஸ்ல வந்துர்றோம்." முக்காலி இல்லாமலே இறங்கப் பார்த்துத் தடுமாறினார். ரத்தினக்கா ஓடிவந்து இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நான் டிக்கில உக்காந்துக்கறேன்ம்மா. பெரியம்மாவும் வரட்டும்" என்றாள் மிருதுளா.

"நீ சும்மா இரு."

அவர்கள் இருவரும் தெருமுனை நிறுத்தத்துக்கு நடந்தார்கள். மாமா நான்கு எட்டு வைத்து நின்றார், பிறகு நான்கு எட்டு. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியை அணைத்தார்.

"ட்ரேகா ஆனிலயே கெடச்சிருக்கும்" என்றார். "நான் போன் பண்ணப்பவே ஷெரின் சொல்லுச்சு."

"அப்பறம் ஏன் வாயத் தொறக்கல?"

"வண்டி வந்தா உங்கோவம் தீந்துரும்னு நெனச்சேன்."

ஒரு வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். "போன வருசம் இதே எடத்துல நானும் புள்ளையும் நின்னோம். நீங்க கண்ணாடில பாத்தீங்க. அப்ப நீங்க இறங்கல. எனக்காக இறங்கல. இறங்கியிருந்தா நான் இந்த வண்டியே வாங்கியிருக்க மாட்டேன்."

இவர் கதவைத் திறந்தார். "இறங்கியிருக்கணும்" என்றார். "அன்னிக்கி இறங்காம போனதுக்கு இன்னி வரைக்கும் எனக்குத் தூக்கமில்ல. அதனாலதான் இப்ப இறங்கறேன்." சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு அண்ணன் பின்னால் போனார்.

மாமியார், "பெரியவன் பஸ்ஸுல போறான், நான் இதுல உக்காந்து என்னத்தப் பாக்கப்போறேன்" என்று இறங்கினார். மிருதுளா பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நீயும் வாம்மா." நான் வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளும் போய்விட்டாள்.

ஐந்து பேர் போகும் வண்டியில் நான் ஒருத்தி. மைலேஜ் கேட்டேன், டிக்கியை அளந்தேன், கூரையைத் திறந்து மூடினேன், பொய் சொன்னேன். இத்தனையும் செய்தவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அது இந்த மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. ஓட்டுவதற்கு இவர் இருக்கிறார் என்று, சுவர் இருக்கிறது என்கிற மாதிரி இருந்துவிட்டேன். காலை வெயில் கூரைக் கண்ணாடி வழியாக என் உச்சந்தலையில் அடித்தது. அந்தக் கண்ணாடியை மறைக்கிற திரை எங்கே இருக்கிறதென்றும் எனக்குத் தெரியவில்லை.

அழுதேன். அவமானத்தில்தான் அழுதேன், வேறெதற்கும் இல்லை.

பஸ் வந்தது. ஒவ்வொருவராக ஏறினார்கள். இவர் கடைசியாக ஏறி, படியிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் விசில் ஊதப் போனார்.

"நில்லுங்க, ஒரு ஆள் வருது" என்று இவர் சத்தம் போட்டது கார் வரைக்கும் கேட்டது.

"யாருங்க? அந்தக் கார்ல இருக்கற அம்மாவா? கார்ல உக்காந்திருக்கறவங்க எதுக்குங்க பஸ்ஸுக்கு வர்றாங்க?"

"வருவாங்க. நில்லுங்க."

கண்டக்டர் நேரம் பார்த்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். இவர் படியிலிருந்து நகரவே இல்லை. நான் கதவைத் திறந்து இறங்கினேன். வண்டியைப் பூட்டினேன், கீச்சென்று கத்தியது. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் பார்க்க ஓடினேன். இவர் கையைக் கொடுத்தார். பிடிக்காமல் கம்பியைப் பிடித்து ஏறினேன்.

உள்ளே ஆடிக் கூட்டம், நிற்க இடமில்லை. முன்பக்கம் ஓர் அம்மாள், "ஆள் இல்லாத சீட்டுக்குப் பைய வெச்சுக்கிட்டு இருந்தா எப்படிங்க?" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவள், "ஆள் வருதுன்னு சொல்றேன்ல" என்று பையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது ரத்தினக்கா. மாமா அவளுக்கு முன்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

என்னைப் பார்த்ததும் பையை எடுத்து மடியில் வைத்தாள். "உக்காரு. நீ வருவேன்னு தெரியும். உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே."

உட்காராமல் நின்றுகொண்டே போயிருக்க வேண்டும். சண்டை போட்ட அம்மாள் அந்த இடத்துக்குப் பாய்ந்தாள், அதனால் உட்கார்ந்துவிட்டேன். ரத்தினக்காவின் தோளும் என் தோளும் இடித்துக்கொண்டன.

வாழப்பாடி நெருங்கும்போது அவள் போன் அடித்தது. கோயிலிலிருந்து பங்காளி வீட்டுப் பெண். மாமாவைக் காணோமென்று வேறொருவர் அடுப்பைப் பற்றவைத்துவிட்டார், தண்ணீர் கொதித்துவிட்டது, நேரமாகிறது, அரிசியைப் போட்டுவிடலாமா என்று கேட்பது எனக்கே கேட்டது.

"போடாதீங்க" என்றாள் ரத்தினக்கா. "அடுப்பத் தணிச்சு வைங்க. நானும் தமயந்தியும் வந்துக்கிட்டிருக்கோம். நாங்க வந்தப்பறம்தான்."

அவ்வளவுதான். அந்தப் பக்கம் சரியென்று வைத்துவிட்டார்கள். ஒரு போன். ஒரு வருடமாக நான் எதற்காக வெந்துகொண்டிருந்தேனோ அது ஒரே ஒரு போனில் முடிகிற விஷயம்.

"போன வருசமும் உங்க கைல போன் இருந்துச்சில்லக்கா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இருந்துச்சு. நிறுத்தி வையின்னு நீ கூப்பிட்டுச் சொல்லுவேன்னு கைலயேதான் வெச்சிருந்தேன். நீ கூப்புடல."

"நான் கூப்பிட்டிருக்க மாட்டேன்."

"தெரியும்" என்றாள். "நானா இருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டேன்."

பானை எங்களுக்காகக் காத்திருந்தது. மாமாவின் கையைப் பிடித்து இவர் அடுப்பில் ஒரு விறகைச் செருக வைத்தார். மூத்தவள் முதல் பிடி போட்டாள். அடுத்த பிடி நான். ஆவியில் கை சுட்டது, எடுக்காமல் வைத்திருந்தேன். மாமா மறுபடியும் தண்ணீர் கேட்டார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது ரத்தினக்கா என் கையில் திணித்த அந்தப் பாட்டிலை நான்தான் வைத்திருந்தேன், மேற்கொண்டு கொடுக்கவில்லை. ரத்தினக்கா தூரத்திலிருந்து பார்த்துத் தலையாட்டினாள்.

அவளை நான் மன்னிக்கவில்லை. எனக்குச் சீட்டு போட்டு வைத்தாளே, அதையும் சேர்த்து மன்னிக்கவில்லை.

ஜூலை 29, திங்கள்

காலையில் போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன். நன்றாகக் கற்றுக்கொண்டதும் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு மூன்று நாளும் ஆஸ்பத்திரிக்கு நானே ஓட்டப்போகிறேன் என்று ரத்தினக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். நான் ஒருத்தருக்குப் போன் செய்வேன் என்பது அவளுக்குத் தெரியட்டும்.

"ஐயோ, உன்னோட வண்டிலயா?" என்றாள். குரலில் நிஜமான பயம் இருந்தது.

முன் சீட்டில் அவளைத்தான் உட்கார வைக்கப்போகிறேன்.